ஏற்காடு ஏற்றமும் என் ஜென் சைலன்சரும்

ஜூன் 4, இரவு 9.40

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே போடுகிறேன்: "அண்ணா, என்னிடம் இருப்பது பழைய கார்புரேட்டர் வண்டி. அடிவாரம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததுமே புல்லிங் இல்லை. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டால் பத்து குதிரைத்திறன் கூடும் என்கிறார் பட்டறைக்காரர். பேக் பிரஷர் போய்விட்டால் இழுவையே போய்விடும் என்கிறார் இன்னொரு மெக்கானிக். யாரை நம்புவது?"

இரண்டு பேரையும் வேண்டாம். பத்து குதிரை எல்லாம் கூடாது. உங்கள் வண்டி என்னுடையதைப் போல 993 சிசி மாருதி ஜென் கார் என்றால் மொத்தமே 50 குதிரைதான், அதில் பத்தை வால் பக்கம் ஒளித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நானே போன மாதம் பின்பக்க டப்பாவை, அதாவது கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, புகையை அதிகம் தடுக்காமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ மாட்டினேன். பிக்கப் கூடியது நிஜம். கோரிமேடு சிக்னலில் கிளம்பும்போதே தெரிகிறது. விவரம் நாளைக்கு.

ஜூன் 5, காலை 6.15

முதலில் அந்த 'பேக் பிரஷர் வேண்டும்' கதை. வெளியேறும் புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம்தான் பேக் பிரஷர். காரில் இருக்கும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பேக் பிரஷர் எந்தக் காலத்திலும் வேண்டியதில்லை. பிஸ்டன் மேலே வரும்போது எரிந்த வாயுவை வெளியே தள்ளியாக வேண்டும். வெளியே அடைப்பு இருந்தால் தள்ளுவதற்கே சக்தி செலவாகும், அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போகாது.

சந்தேகம் இருந்தால் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி டிரைவரைக் கேளுங்கள். என் மாமா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பட்டனை அழுத்துவார், 'புஸ்' என்று ஒரு சத்தம், முப்பது டன்னும் முதுகைப் பிடித்து இழுத்த மாதிரி அடங்கும். அங்கே நடப்பது என்ன? புகைக்குழாயில் ஒரு தகடு குறுக்கே மூடிக்கொள்கிறது, பேக் பிரஷர் ஏறுகிறது, இன்ஜின் தன் புகையோடு தானே மல்லுக்கட்டி வண்டியை நிறுத்தப் பார்க்கிறது. பேக் பிரஷர் என்றால் அதுதான். பிரேக் போட்டால் புல்லிங் கூடும் என்று யாராவது சொல்வார்களா?

ஜூன் 5, இரவு 10.20

சரி, அப்படியானால் பெரிய குழாயைப் போட்டு எல்லாவற்றையும் திறந்து விடலாமே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

புகை, குழாயில் தண்ணீர் மாதிரி ஒரே சீராகப் போவதில்லை. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் அடியைத் தொடுவதற்கு முன்பே திறந்துவிடும். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அதனால் புகை 'டப்' என்று ஓர் அடியாக வெளியே பாயும். ஒவ்வொரு சிலிண்டரும் ஓர் அடி. இந்த அடியோடு ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. சூடான புகையில் ஒலியின் வேகம் நாம் பேசும் காற்றில் இருப்பதைவிட மிக அதிகம், 500 டிகிரி சூட்டில் நொடிக்கு 550 மீட்டர் அளவில் இருக்கும். அலை குழாயின் திறந்த முனையையோ, குழாய் திடீரென அகலமாகும் இடத்தையோ தொட்டதும் திரும்பி வரும். திரும்பி வருவது தள்ளும் அலையாக வராது, உறிஞ்சும் அலையாக வரும். கோவில் திருவிழாக் கூட்டத்தில் முன்னால் இருப்பவர் சட்டென்று நகர்ந்தால், அந்த இடைவெளி வரிசையில் பின்னோக்கி வருமே, அந்த மாதிரி.

அந்த உறிஞ்சும் அலை வால்வுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதே கேள்வி. எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிறது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்துவிட்டது, இரண்டும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருக்கின்றன. அந்தக் கணத்தில் வந்தால் மிச்சப் புகையைச் சுருட்டி இழுத்துக்கொண்டு புதுக் காற்றையும் உள்ளே கூப்பிடும். அது இலவசச் சக்தி. முன்னும் பின்னும் வந்தால் பிரயோஜனம் இல்லை, சில சமயம் கெடுதல்.

3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி, 6000-இல் 10 மில்லி நொடி. இன்ஜின் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது என்பதற்காக அலை இரண்டு மடங்கு வேகமாக ஓடாது, அது புகையின் சூட்டைப் பொறுத்தது. எனவே ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள குழாய் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லையில்தான் கைகொடுக்கும். ரேஸ் வண்டிக்காரர் 7000-க்கு வெட்டிய குழாய், இருபது கொண்டை ஊசியை இரண்டாவது கியரில் 2500-இல் ஏறும் நமக்கு எதற்கு?

குழாயின் அகலமும் அப்படித்தான். அகலம் கூடினால் வேகம் குறையும். வேகமாகப் போகும் புகைதான் தன் பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகும். அகலக் குழாய் போட்டுக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போனவர்கள், 'பேக் பிரஷர் குறைந்ததால் போச்சு' என்று நினைக்கிறார்கள். போனது புகையின் வேகம், பேக் பிரஷர் மேல் பழி.

ஜூன் 8

அக்கா மகன் இதைப் படித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, பிக்கப் கூடினது நிஜம்னு எழுதியிருக்கியே, எதுல அளந்த?" பதில் இல்லை. ஞாயிறு காலை ஸ்டாப்வாட்சோடு மலைக்குப் போகிறோம். கூலி: ஒரு தட்டுவடை செட்.

ஜூன் 11, மதியம்

காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். ஏழு மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும், சோதனை எல்லாம் நடக்காது. பாதி மலையில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர் ஏற்றம். மூன்றாவது கியரில் 30-இல் போய், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 50 தொடும் வரை எத்தனை நொடி? நான்கு முறை. கீழே வந்து, நண்பர் ஷெட்டில் பழைய கம்பெனி டப்பாவை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறி நான்கு முறை.

ஃப்ரீ ஃப்ளோ: சராசரி 10.2 நொடி.
கம்பெனி டப்பா: 9.1 நொடி.

ஆமாம், சரியாகத்தான் படிக்கிறீர்கள். நாலாயிரம் ரூபாய் கொடுத்து வண்டியை மெதுவாக்கியிருக்கிறேன். பிக்கப் கூடியது என்று போன வாரம் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கூடியது சத்தம்தான். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது சொல்கிறது, காது சொல்வதை முதுகும் நம்புகிறது.

காரணம் என்று எனக்குத் தோன்றுவது: கலவை லீன் ஆகிவிட்டது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. புகை எளிதாகப் போனால் உள்ளே வரும் காற்று மாறுகிறது, என் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டோ பழைய சைலன்சருக்குப் பார்த்து வைத்தது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் 'பட் பட்' என்று வெடிக்கவும் செய்கிறது. லீன்தான்.

ஜூன் 12, காலை 5.50

தூக்கம் வராமல் எழுந்து எழுதுகிறேன். முதல் நான்கு ஓட்டத்தின்போது பின் சீட்டில் அக்கா மகனின் நண்பன் இருந்தான். எழுபது கிலோ. டப்பா மாற்றக் கீழே வந்தபோது அவன் வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு டன்கூட இல்லாத வண்டியில் எழுபது கிலோ ஏற்றத்தில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேற்றைய கணக்கை யாரும் எங்கும் எடுத்துக்காட்ட வேண்டாம்.

ஜூன் 14

சூரமங்கலத்திலிருந்து ஒருவர்: "என் ஆர்எக்ஸ் 100-இல் சைலன்சரைக் கழற்றினால் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது. நீங்கள் பேக் பிரஷர் வேண்டாம் என்கிறீர்களே?"

அருமையான கேள்வி. நான் நான்கு ஸ்ட்ரோக் என்று சொன்னேன், அது இரண்டு ஸ்ட்ரோக். அங்கே சட்டம் வேறு. 98 சிசியில் 11 குதிரை எடுத்த வண்டி அது, அதில் சைலன்சருக்கும் பங்கு உண்டு. இரண்டு ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் புகை போகும் வாசலும் திறந்தே இருக்கும். பெட்ரோலில் ஒரு பகுதி வாசலைத் தாண்டி ஓடிவிடும். அதைத் தடுக்கக் குழாயை வயிறு மாதிரி விரித்து, மறுபடி கூம்பாகக் குறுக்குவார்கள். விரியும் இடத்தில் உறிஞ்சும் அலை திரும்பும், குறுகும் இடத்தில் தள்ளும் அலை திரும்பும். முதலாவது புகையை இழுக்கும். இரண்டாவது, ஓடிப்போன கலவையை வாசல் மூடும் முன்பு பிடித்து உள்ளே தள்ளும். வாசற்படியில் நின்று பிள்ளைகளைப் பள்ளிக்குள் திருப்பி அனுப்பும் வாத்தியார்.

1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார்சைக்கிள் தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இதை ஒரு கலையாகவே ஆக்கினார். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் தப்பி மேற்கே வந்து சுஸுகியில் சேர்ந்தார், வித்தையும் கூடவே போனது. அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. ஒரு சைலன்சர் வயிற்றுக்காக இவ்வளவு!

என் ஊகம் ஒன்று: நம் ஊர் மெக்கானிக்குகள் பலர் இரண்டு ஸ்ட்ரோக்கில் கை பழகியவர்கள். சைலன்சரை எடுத்தால் இழுவை போகும் என்று அங்கே கற்றதை அப்படியே காருக்கும் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, வண்டி மாற்றிச் சொல்கிறார்கள்.

ஜூன் 15

கிளைக்கதை. ஃப்ரீ ஃப்ளோ போட்ட பட்டறையில் "சார், இது 304 கிரேடு, ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது" என்றார்கள். இன்று ஃபிரிட்ஜ் கதவுக் காந்தத்தை எடுத்துப்போய் வைத்தேன். பச்சக் என்று ஒட்டியது. 304-இல் காந்தம் ஒட்டாது. ஒட்டுவது 409 போன்ற வகை. புகைக்குழாய்க்கு அது ஒன்றும் மட்டமில்லை, பல கார்க் கம்பெனிகள் அதைத்தான் போடுகின்றன, மேலே லேசாகப் பழுப்பேறும், அவ்வளவுதான். ஆனால் 304 காசு வாங்கினார்களே! உருக்காலை இருக்கிற ஊரில், சமையலறைப் பாத்திரத்தில்கூட கிரேடு கேட்கிற ஊரில், என்னிடமே இந்த விளையாட்டு.

ஜூன் 18, மாலை

மறு சோதனை. இந்த முறை ஆள் இருவர் மட்டும், பெட்ரோல் இரண்டுக்கும் அதே புள்ளி, டயர் காற்று பார்த்தாயிற்று. ஃப்ரீ ஃப்ளோ 9.5, கம்பெனி டப்பா 9.1. வித்தியாசம் 1.1-லிருந்து 0.4-க்கு வந்துவிட்டது. எழுபது கிலோப் பையன் மீதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இன்னொன்று. மறுபடி ஃப்ரீ ஃப்ளோவை மாட்டியபோது ஷெட் நண்பர் ஒரு வேலை செய்தார். வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஈரத்துணியால் வால் முனையை ஒரு கணம் அடைத்தார். முன்னால், சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே 'உஸ்ஸ்' என்று கேட்டது. இணைப்பில் இருக்கும் வளையப் பேக்கிங் கருகி ஒரு பக்கம் இல்லவே இல்லை. ஃப்ரீ ஃப்ளோ போட்டபோது குழாயை முன்பக்கம் வரை இறக்கியிருக்கிறார்கள், பழைய பேக்கிங்கையே திரும்ப வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

ஆக அந்த 'பட் பட்' லீன் கலவை அல்ல. ஒவ்வொரு அடிக்கும் நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அப்போது ஓட்டை வழியே காற்று உள்ளே வரும், இறக்கத்தில் எரியாமல் வரும் பெட்ரோலோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கும். ஜூன் 11-இல் 'லீன்தான்' என்று அடித்துச் சொன்னேன். அந்த 'தான்'-ஐ எடுத்துவிடுங்கள்.

புதுப் பேக்கிங் எண்பது ரூபாய். போட்டபின் வெடி நின்றது.

ஜூன் 19

'மேலே போகப்போக இழுவை குறைவது சைலன்சராலா?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, மலையால். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1500-க்குக் கொஞ்சம் மேல். காற்றழுத்தம் அங்கே 13 சதவீதம் போல் குறைவு. மேலே குளிர் என்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனாலும் 50 குதிரை வண்டி ஏரிக்கரை போய்ச் சேரும்போது 45 சொச்சம்தான். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ இல்லாத எந்த வண்டிக்கும் இதே கதி. கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தொல்லை: காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது, மேலே கலவை ஏழு சதவீதம் போல் கெட்டியாகும். பிளக் கருக்கும்.

வெளிக்காற்று லேசாக இருப்பதால் புகை வெளியேறுவது மேலே கொஞ்சம் சுலபம் என்பதும் உண்மைதான். ஆனால் இன்டேக்கில் இழந்த ரூபாய்க்கு அது சில்லறை.

ஜூன் 23, இரவு

புதுப் பேக்கிங்கோடு இன்னொரு முறை பார்த்தோம். 9.3-க்கு 9.1. அக்கா மகனின் கட்டைவிரல் பட்டனை அழுத்தும் தாமதமே அவ்வளவு இருக்கும். அதாவது வித்தியாசம் ஒன்றுமில்லை.

அப்படியானால் ஜூன் 5 இரவு நான் அளந்த அலைக்கதை எல்லாம் பொய்யா? பொய் இல்லை, இடம் தப்பு. அலை விளையாட்டு நடப்பது இன்ஜினிலிருந்து முதல் சில அடிக்குள். மேனிஃபோல்டு குழாய்களின் நீளம், அவை சேரும் இடம், அங்கேதான் சக்தி கூடுவதும் குறைவதும். நான்கு சிலிண்டரில் எரியும் வரிசை 1-3-4-2. முதலில் 1-ஐயும் 4-ஐயும் ஒன்றாக்கி, 2-ஐயும் 3-ஐயும் ஒன்றாக்கி, அப்புறம் இரண்டையும் சேர்த்தால், ஓர் அடி மற்றதன் காலை மிதிக்காது. இந்த நாலு-இரண்டு-ஒன்று அமைப்பு நடு ஆர்பிஎம்முக்கு நல்லது. நாலையும் ஒரே இடத்தில் சேர்த்தால் உச்சியில் நல்லது. நான் மாற்றியதோ பத்தடி தள்ளி, வாலில் இருக்கும் டப்பா. அங்கே போய்ச் சேருவதற்குள் அலை பாதி செத்துவிடுகிறது. ஒழுங்காக இருக்கும் கம்பெனி டப்பாவை மாற்றினால் கிடைப்பது ஒன்றிரண்டு குதிரை, அதுவும் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து உச்ச ஆர்பிஎம்மில் நின்றால்.

அந்த டப்பாவின் வேலை சத்தம். உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஓர் அறையிலிருந்து திரும்பும் அலை இன்னோர் அலையை அடித்துக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். கோலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி வருமே, அதே தத்துவத்தில் ஒரு காலி அறையை வைத்து ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் விழுங்கவும் செய்வார்கள். என் ஃப்ரீ ஃப்ளோவில் அறை கிடையாது. ஓட்டை போட்ட நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. கீச்சுச் சத்தத்தைப் பஞ்சு தின்னும், தடித்த உறுமலை விட்டுவிடும். நமக்கு ரேஸ் வண்டி மாதிரி கேட்பது அந்த உறுமல்.

சத்தம்தான் சக்தி என்று இன்னும் வாதாடுகிறவர்களுக்கு: 2013 வரை ஃபார்முலா ஒன் கார்களில் 2.4 லிட்டர் வி8, 18,000 ஆர்பிஎம், காது கிழியும். 2014-இல் 1.6 லிட்டர் டர்போ வி6 ஹைபிரிட் வந்தது. சத்தம் அடங்கிப்போனதென்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். சக்தி அடங்கவில்லை.

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைந்தால் டர்பைன் சுலபமாகச் சுற்றும், பலன் நிஜமாகவே உண்டு. பொருந்தாத இன்னொன்று, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் பேசுவதாக இல்லை.

ஜூன் 24

சத்தம் போடும் சைலன்சருக்கு அபராதம் உண்டா என்று கேட்டவருக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 190(2). 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம். நான் கம்பெனி டப்பாவுக்குத் திரும்பிவிட்டேன், பயத்தால் அல்ல என்று சொல்ல ஆசை.

ஜூன் 25

சைலன்சரின் அடியில், தாழ்வான இடத்தில், ஆணி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடேறிய குழாயில் ஆவியாகப் போய்விடும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் குழாய் சூடாகவே ஆகாது, தண்ணீர் டப்பாவுக்குள் தேங்கும். அது வெளியேறத்தான் அந்த ஓட்டை. அடைத்தால் உள்ளிருந்து துரு.

ஜூலை 2, இரவு 8.30

கன்னங்குறிச்சித் தம்பி இன்று வண்டியைக் கொண்டுவந்தார். ஐடிலில் ஒழுங்காக நிற்கிறது, மெதுவாக மிதித்தால் போகிறது, 3000-க்கு மேல் கழுத்தைப் பிடித்த மாதிரி திணறுகிறது. ஷெட் நண்பர் ஒன்றும் பேசாமல் கீழே படுத்து, டப்பாவுக்கு முன்னால் இருக்கும் இணைப்பை இரண்டு நூல் தளர்த்தினார். ஓட்டிப் பார்த்தோம். ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம், ஆனால் வண்டி 5000 வரை வழுக்கிக்கொண்டு போகிறது.

டப்பாவைக் கழற்றி ஆட்டினால் கடகடவென்கிறது. வெட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு தடுப்புத் தகடு துரு அரித்துப் பெயர்ந்து, போகும் வழியில் குறுக்கே சாய்ந்திருக்கிறது. புகை கூடினால் தகடு எழுந்து வாயை மூடும். என் மாமாவின் எக்ஸாஸ்ட் பிரேக், தம்பியின் வண்டியில் ஏற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

அடியில் பார்த்தால் ஒரு வெல்டிங் பொட்டு. "போன மழைக்கு முன்னாடி ஓட்டை விழுந்துச்சுன்னு அடைச்சேன் அண்ணா."

ஆக, சைலன்சரை மாற்றினால் புல்லிங் கூடும் என்று பட்டறைக்காரர் சொன்னது இந்த ஒரு வண்டிக்குச் சரியாகப் போய்விட்டது. பத்து குதிரைகூடத் திரும்பியிருக்கலாம், அளக்கவில்லை. சாதாரண டப்பா ஒன்றை வாங்கிப் போடச் சொன்னேன். தம்பியின் கண் ஷெட் மூலையில் கிடக்கும் என் ஃப்ரீ ஃப்ளோ மேல் இருந்தது. "அண்ணா, அது சும்மாதானே கிடக்குது?" என்கிறார். காந்தம் ஒட்டும் என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லையாம்.